களிமண் பாதையும் விரைவுச்சாலையும்: ஒரு பிக்கப் வண்டிக்கு டயர் தேர்ந்த பதிவு

நிலவனப்புப் பணிக்கு ஓடும் எங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் நான்கு டயர்களும் தேய்ந்து மாற்றும் நிலைக்கு வந்தபோது, ஓட்டுநரும் நானும் வெவ்வேறு டயர்களைக் கேட்டோம். அவருக்கு வேண்டியது சேற்றில் சுழலாமல் கவ்வும் டயர். மாதக் கடைசியில் டீசல் கணக்கைப் பார்ப்பவன் நான் என்பதால், எனக்கு வேண்டியது எளிதாக உருளும் டயர். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பகை எவ்வளவு பெரியது, அதில் எந்தப் பகுதியை டயரை மாற்றாமலே தீர்க்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, டயரை மாட்டி, மறுபடியும் அளந்ததன் பதிவு இது.

வண்டியின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் லிம் சூ காங் பகுதியிலுள்ள நாற்றங்காலில் செடிகளையும் மண் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, கிராஞ்சி விரைவுச்சாலையிலும் தீவு விரைவுச்சாலையிலும் ஓடித் தீவின் மறுமுனை வரை போகும். அங்கே கட்டுமானம் முடியும் தறுவாயில் இருக்கும் தளத்துக்குள் நுழைந்து, செடி நடும் இடம்வரை சென்று இறக்கும். தூரத்தை வைத்துப் பார்த்தால், மண்ணில் ஓடுவது மொத்த ஓட்டத்தில் மிகச் சிறிய பங்கு. தளத்தின் வாயிலிலிருந்து உள்ளே சில நூறு மீட்டர், நாற்றங்காலின் பின்பக்கச் சரிவில் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். ஆனால் வண்டி சிக்கிக்கொள்வதெல்லாம் அந்தச் சிறிய பங்கில்தான். சிக்கினால் ஆட்களும் செடிகளும் வெயிலில் காத்திருக்க, எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவரிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும்.

சிங்கப்பூரில் இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,113 மி.மீ. மழை பெய்கிறது, மழை பெய்யும் நாள்கள் 171. ஆகவே, சேறா டீசலா என்று வாதிடுவதற்கு முன்னால், நனைந்த தார்ச்சாலையில் சுமையோடு வரும் வண்டியை இந்த டயர் நிறுத்துமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். நான் வைத்துக்கொண்ட வரிசை இதுதான்: முதலில் ஈரச் சாலைப் பிடிப்பு, அடுத்து மண்ணில் பிடிப்பு, மூன்றாவதாக டீசல். டீசலை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் அது முக்கியமில்லை என்பதன்று. அதில் கணிசமான பகுதியைக் காற்றழுத்தத்தைக் கொண்டே மீட்டுவிடலாம்; ஈரச் சாலையில் மோசமான டயரை எதைக் கொண்டும் மீட்க முடியாது.

கடைகளில் பிக்கப் வண்டிக்கான டயர்களை மூன்று வகையாகச் சொல்வார்கள். எச்டி என்பது நெடுஞ்சாலைக்கு, ஏடி என்பது எல்லா வகைத் தரைக்கும், எம்டி என்பது சேற்றுக்கு. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு, தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளில் இருக்கிறது. எங்கள் ஓட்டுநர் அவற்றைப் பட்டன் என்பார், நானும் அப்படியே எழுதுகிறேன். எச்டியில் பட்டன்கள் நெருக்கமாகவும் ஆழம் குறைந்தும் இருக்கும். புதிதில் ஆழம் 9 மி.மீ. அளவில். ஏடியில் 12 மி.மீ. ஒட்டி வரும். எம்டியில் 15 மி.மீ. அளவுக்குப் போகும், பட்டன்களுக்கு இடையே விரல் நுழையும் அளவு பள்ளமும் இருக்கும்.

பட்டனின் ஆழத்துக்கும் டீசலுக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். உருளும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது நசுங்கி, விலகும்போது பழைய நிலைக்கு மீள்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு ரப்பருக்குள்ளேயே வெப்பமாகித் தங்கிவிடுகிறது. உருளும்போது டயர் காட்டும் தடையில் மிகப் பெரும்பகுதி இந்த உள்வெப்ப இழப்புத்தான். நசுங்கும் ரப்பர் எவ்வளவு அதிகமோ, அது எவ்வளவு நெளிகிறதோ, இழப்பும் அவ்வளவு அதிகம். ஆழமான, தனித்தனியாக நிற்கும் பட்டன்கள் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டிலும் நெளிவதால் எம்டி டயர் டீசலைத் தின்கிறது. அதே காரணத்தால்தான் தேய்ந்த டயர் புதிய டயரைவிட எளிதாக உருளும். பின்னால் வரும் அளவீட்டுக்கு இது வேண்டும்.

ரப்பர்க் கலவையும் கணக்கில் சேரும். 1992இல் மிஷலின் நிறுவனம் கரித்தூளுக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்த பிறகு, ஈரப் பிடிப்பைக் கெடுக்காமல் உருளும் தடையைக் குறைப்பது சாத்தியமாயிற்று. இயற்கை ரப்பர் இன்னும் இந்தத் தொழிலில் நீடிப்பதற்கும் அது குறைவாகச் சூடாவது ஒரு காரணம். கனரக லாரிகளின் டயர்களில் அதன் பங்கு கார் டயர்களில் உள்ளதைவிட அதிகம். 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்தும், பிறகு அங்கே பூங்காவின் இயக்குநர் ரிட்லி செய்த பால்வெட்டுச் சோதனைகளிலிருந்தும் தொடங்கியதுதான் மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழில். பால்மரக் காட்டில் கத்தி பிடித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளாகிய நம்மில் பலர் டயரைக் கறுப்பு வளையமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம் என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு உறுத்தல்.

இனி எண்கள். உருளும் தடையை ஒரு டன் எடைக்கு எத்தனை கிலோ விசை என்று குறிப்பார்கள். 8 என்றால், ஒரு டன் எடையை உருட்டிக்கொண்டே இருக்க 8 கிலோ விசை தேவை. எங்கள் வண்டி பாதிச் சுமையோடு 2.2 டன் என்று வைத்துக்கொள்வோம். 8 என்ற எண்ணுள்ள எச்டி டயருக்கு 17.6 கிலோ விசையும், 10.5 என்ற எண்ணுள்ள ஏடி டயருக்கு 23.1 கிலோ விசையும் வேண்டும். வேறுபாடு 5.5 கிலோ, அதாவது சுமார் 54 நியூட்டன். இந்த விசையை 100 கி.மீ. தூரத்துக்குச் செலுத்த 5.4 மெகாஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்றால், கிடைப்பது 12. ஆக, 100 கி.மீ.க்குக் கூடுதல் செலவு 0.45 லிட்டர். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓடினால் 90 லிட்டர். சுமை ஏறினால் இந்த எண்ணும் அதே விகிதத்தில் ஏறும்.

90 லிட்டரைக் காகிதத்தில் எழுதிவைத்துப் பார்த்தபோது எனக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றின. ஒன்று, இது அலட்சியப்படுத்தும் தொகை அன்று. மற்றொன்று, வண்டி வாரத்தில் ஒருமுறை சேற்றில் சிக்கி ஆட்களின் நேரம் வீணாவதோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகையும் அன்று. இப்படி எண்ணாகப் பார்க்காமல், ஏடி டயர் டீசல் குடிக்கும் என்று பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டே இருந்தால் முடிவுக்கு வரவே முடியாது.

கடையில் இந்த எண்ணை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஐரோப்பாவில் விற்கப்படும் அதே ரக டயராக இருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் அடையாளச் சீட்டு உதவும். 2021 மே முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிப்பு இரண்டுக்கும் ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள் உண்டு; ஈப்ரல் என்ற பொதுத் தரவுத்தளத்தில் டயரின் பெயரையும் அளவையும் கொடுத்துத் தேடலாம். இதில் பிக்கப் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே அளவில் வரும் டயர், கட்டுமானத்தைப் பொறுத்துச் சி1 என்ற கார் வகுப்பிலோ சி2 என்ற இலகு வணிக வாகன வகுப்பிலோ சேர்க்கப்படும், இரண்டுக்கும் எழுத்தின் எல்லைகள் வேறு. சி1 வகுப்பில் டி தரம் என்றால் தடை எண் 9.1 முதல் 10.5 வரை. சி2 வகுப்பில் அதே டி தரம் 8.1 முதல் 9.0 வரை. எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற நேரிடும்.

அப்படியானால் சி2 டயர்தானே நல்லது என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு முடிச்சு உண்டு. சி2 டயரைச் சோதிக்கும்போது அதன் அதிகபட்சச் சுமைக்கு உரிய உயர்ந்த காற்றழுத்தத்தில் சோதிக்கிறார்கள். எங்களைப்போல் அதில் பாதி அழுத்தத்தில் ஓட்டுபவருக்கு அந்த எண் கிடைக்காது. தடித்த சுவர்களும் கூடுதல் அடுக்குகளும் குறைந்த அழுத்தத்தில் அதிகமாக நெளிந்து, தடை கூடிவிடும். இதனால் எழுத்தை ஒரே வகுப்புக்குள் மட்டும் ஒப்பிடுவது என்று முடிவு செய்தேன்.

எம்டி டயரை இந்தக் கட்டத்திலேயே ஒதுக்கிவிட்டேன். அகலமான பள்ளங்களால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைகிறது. மழையில் பிரேக் பிடிக்கும்போது அந்தக் குறை தெரியும். தொழில்முறைக் கரடுதரை டயர் என்ற வகைக்குள் வருபவற்றுக்கு ஐரோப்பிய அடையாளச் சீட்டிலிருந்து விலக்கு இருப்பதால், ஈரப் பிடிப்பின் தரம் என்ன என்று பார்த்து வாங்கவும் வழியில்லை. இன்னொரு உள்ளூர்த் தொல்லையும் உண்டு. பட்டனுக்கு இடையே அப்பிய களிமண், தளத்தின் கழுவுமிடத்தில் முழுவதும் போகாமல், விரைவுச்சாலையில் வேகம் எடுத்ததும் பின்னால் வரும் வண்டியின் கண்ணாடியில் போய் அடிக்கும். இங்கே சாலையில் மண் சிந்துவது குற்றம்.

ஓட்டுநருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. "அண்ணே, சேத்துல நிக்கப்போறது நான்தானே, நீங்க இல்லையே," என்றார். நியாயமான பேச்சு. அதற்குப் பதிலாக, எந்த இடங்களில் வண்டி சிக்குகிறது என்று அவரையே எழுதிவைக்கச் சொன்னேன். எழுதியதைப் பார்த்தபோது, பெரும்பாலும் மேல்பரப்பு மட்டும் நனைந்து அடிமண் கெட்டியாக இருக்கும் சரிவுகளிலும், தளர்ந்த மணல் கொட்டிய இடங்களிலும்தான் சிக்கியிருக்கிறது. அச்சு வரை புதையும் கடல்களிமண்ணில் சிக்கியது அரிது. அத்தகைய இடத்தில் எம்டியும் போகாது. அங்கே இரும்புத் தகடு விரித்த பாதை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நுழைவதுதான் வழி. முதல் இரண்டு வகை இடங்களுக்கு மிதமான ஏடி டயர் போதும்.

அடுத்த கேள்வி, எந்த ஏடி என்பது. அளவெண்ணுக்கு முன்னால் எல்டி என்ற எழுத்துகளோடு வரும் இலகு லாரி டயர் ஒரு பக்கம், அந்த எழுத்து இல்லாத சாதாரணக் கட்டுமான ஏடி மறுபக்கம். எங்கள் வண்டியின் அளவு 265/65ஆர்17, அதாவது அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு, உள்வளையம் 17 அங்குலம். இந்த அளவில் சாதாரண டயரின் சுமை எண் பெரும்பாலும் 112, அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எல்டியில் 120 வரும். அது 1,400 கிலோ. எல்டியின் பக்கச்சுவர் தடித்தது, எளிதில் கிழிபடாது. எடையிலும் வேறுபாடு உண்டு: நெடுஞ்சாலை டயர் 15, 16 கிலோ என்றால், எல்டி 20 கிலோவைத் தாண்டும். சக்கரத்தில் ஏறும் எடை, நின்று நின்று போகும் நகரப் போக்குவரத்தில் ஒவ்வொரு முறையும் சுழற்றி எழுப்ப வேண்டிய எடை.

இந்த விஷயத்தில் ஜோகூரின் குளுவாங்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் மைத்துனரிடம் ஆலோசனை கேட்டேன். அவர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே தருகிறேன். "மச்சான், எங்க தோட்டத்துக்குள்ள பனை மட்டை முள்ளு பக்கச்சுவரைக் குத்திரும். வெட்டுன மரத்து முண்டு வேற. எல்டி இல்லாம நான் ஓட்ட மாட்டேன். உங்க ஊர்ல என்ன இருக்கு, ஆணியும் கம்பியும்தானே?" கேள்வியிலேயே பதில் இருந்தது. கட்டுமானத் தளத்தில் டயரைக் குத்துவது பெரும்பாலும் ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும். அவை பட்டன் பகுதி வழியாகத்தான் நுழைகின்றன. பக்கச்சுவரின் தடிப்பு அதற்குப் பெரிய காவல் அன்று. பாறை முனைகளோ மரமுண்டுகளோ இல்லாத ஊரில், எல்டியின் முரட்டுத்தனத்துக்காகத் தினமும் டீசலில் வாடகை கட்டுவதில் பொருளில்லை. சுமையைப் பொறுத்தவரையும், எங்கள் வண்டியின் பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடையை 112 எண்ணுள்ள இரண்டு டயர்கள் தாராளமாகத் தாங்கும். ஆகவே சாதாரணக் கட்டுமான ஏடி என்று முடிவாயிற்று. தோட்டப் பாதையில் ஓடுபவர் இதே கணக்கைப் போட்டால் நேர்மாறான முடிவுக்கு வருவார், அதுவும் சரியே.

அளவை மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். 265/70ஆர்17 போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்று பட்டறையில் ஆசை காட்டினார்கள். கணக்குப் போட்டேன். 265/65ஆர்17 டயரின் விட்டம் 776 மி.மீ., 265/70ஆர்17இன் விட்டம் 803 மி.மீ.; கூடுதல் 3.4 விழுக்காடு. தரைக்கும் அச்சுக்கும் இடையே கிடைக்கும் உயரம் 13 மி.மீ. மட்டும். அதற்கு விலையாகக் கியர் விகிதம் உயர்ந்து இழுவை குறையும். வேகமானி 90 காட்டும்போது வண்டி அதைவிட ஏறத்தாழ 3 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும். சக்கர வளைவுக்கு வெளியே டயர் துருத்தக்கூடாது என்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியும், திருப்பும்போது உள்ளே உரசுமா என்ற கவலையும் வேறு. மூல அளவிலேயே இருந்துவிட்டேன்.

வாங்கும்போது பார்த்தவை: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க உற்பத்தி எண், அதில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும், நான்கு டயர்களிலும் அது நெருங்கிய தேதியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஐரோப்பியச் சீட்டில் ஈரப் பிடிப்பு சி தரத்துக்குக் கீழே உள்ளவற்றை விலக்கினேன். பனிச்சின்னம் பொறித்த டயருக்குக் கூடுதல் விலை கேட்டார்கள். பனியே விழாத ஊரில் அந்தச் சின்னத்துக்குக் காசு கொடுப்பானேன்? நான்கையும் ஒன்றாக மாற்றியே தீர வேண்டும் என்பதில் மட்டும் பேரம் இல்லை. முன்னால் எச்டி, பின்னால் ஏடி என்று போட்டுச் செலவைப் பாதியாக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. எங்கள் வண்டியில் நாற்சக்கர இழுவையை இணைத்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். இரண்டு வகை டயர்களின் சுற்றளவு வேறுபட்டால் அந்த வேறுபாடு முழுவதும் பல்சக்கரங்களில் முறுக்காகச் சேரும்.

டயர் மாட்டும் நாளில் சமநிலைப்படுத்தலையும் சக்கர நேரமைப்பையும் சேர்த்தே செய்துகொண்டோம். முன்சக்கரங்கள் சற்று உள்நோக்கியிருந்தன. இப்படி இருக்கும்போது சக்கரம் உருள்வதோடு பக்கவாட்டில் சிறிது இழுபடவும் செய்வதால், எந்த டயரைப் போட்டாலும் தேய்மானமும் டீசல் செலவும் கூடும்.

இப்போது காற்றழுத்தம். இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்காதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படிக்க வேண்டும். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இருக்கிறது என்போம். டயருக்குள் 36 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு) அழுத்தம் இருந்தால், அந்த எடையைத் தாங்கத் தரையில் பதியும் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. 25 பிஎஸ்ஐக்கு இறக்கினால் அது 285 அளவுக்கு வரும். 18க்கு இறக்கினால் 400. பக்கச்சுவரின் விறைப்பும் ஓரளவு எடையைத் தாங்குவதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் போக்கு இதுதான். பரப்பு அகலத்தில் அதிகம் கூடாமல் நீளவாக்கில் நீள்கிறது, அதனால் தளர்ந்த மண்ணில் டயர் தோண்டிக்கொண்டு இறங்காமல் மேலே நடந்து போகிறது. எச்டியிலிருந்து எம்டிக்கு மாறுவதால் மணலில் கிடைக்கும் ஆதாயத்தைவிட, அழுத்தத்தைப் பாதியாக்குவதால் கிடைக்கும் ஆதாயம் பெரிது என்பது என் கருத்து.

ஆனால் இறக்கிய காற்றோடு விரைவுச்சாலையில் ஏறக்கூடாது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1963இல் விமான டயர்களை வைத்து வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எளிய சூத்திரம் ஒன்று உண்டு: பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.7ஆல் பெருக்கினால், தேங்கிய நீரில் வழுவழுப்பான டயர் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்குக் கி.மீ.யில் கிடைக்கும். 36 பிஎஸ்ஐயில் அது 100 கி.மீ. 25இல் 83. 18இல் 71தான். நல்ல பட்டன் உள்ள டயருக்கு வரம்பு இதைவிட மேலே இருக்கும் என்றாலும், மழை கொட்டும் பொழுதில் தீவு விரைவுச்சாலையில் 18 பிஎஸ்ஐயோடு போவது எப்படிப்பட்ட செயல் என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லிவிடும். டயர் சூடாகிச் சிதைவதும் தனி ஆபத்து.

எனவே வண்டியில் ஒரு 12 வோல்ட் காற்றுப் பம்பும், முள்காட்டி உள்ள நல்ல அழுத்தமானியும் நிரந்தரமாக ஏறின. நாற்றங்காலில் காலையில், வெயில் ஏறுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது கதவோரத் தகட்டில் சுமைக்கேற்பக் குறித்துள்ள அளவுக்குக் காற்றை வைப்பது. தளத்தின் மண் பாதை மோசம் என்றால் வாயிலில் 25க்கு இறக்குவது. மணலில் திணறினால் மட்டும் 18க்குப் போய், நடை வேகத்தில் நகர்வது. சக்கரம் கழுவும் இடத்தில் நிற்கும்போதே மறுபடி ஏற்றுவது. முதலில் அலுத்துக்கொண்ட ஓட்டுநர், எக்ஸ்கவேட்டர்க்காரரைத் தேடிப்போகும் வேலை குறைந்ததும், நான் சொல்லாமலே பம்பை எடுக்கத் தொடங்கினார்.

டீசலுக்கும் இதே அழுத்தமானிதான் மருந்து. அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்புப்படி, நான்கு டயர்களின் சராசரி அழுத்தத்தில் ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறைகிறது. கவனிக்காமல் விட்ட டயரில் 8, 10 பிஎஸ்ஐ குறைந்திருப்பது சாதாரணம். அதுவே 2 விழுக்காடு. எச்டிக்கும் ஏடிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் கணிசமான பகுதி இங்கேயே திரும்பிவிடுகிறது.

மாற்றத்துக்குப் பிந்திய அளவீட்டுக்கு வருகிறேன். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், முதல் சொடுக்கில் நிறுத்தி நிரப்புவது. அடுத்த முறை அதேபோல் நிரப்பி, ஊற்றிய லிட்டரை ஓடிய தூரத்தால் வகுப்பது. முறை பழையது, சரியானது. சிக்கல் ஓடிய தூரத்தில் இருக்கிறது. ஓடோமீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றுகளைத்தான். பழைய எச்டி 9 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தது, விட்டத்தில் 12 மி.மீ. போய்விட்டது, அதாவது 776இல் ஒன்றரை விழுக்காடு. தேய்ந்த டயர் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுவதால் ஓடோமீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டி, டீசல் சிக்கனமாக இருப்பதுபோல் தோற்றம் தரும். புதிய டயர் மாட்டியதும் அந்தப் பொய்க் கிலோமீட்டர்கள் மறையும். பழி புதிய டயர்மேல் விழும். ஏடி போட்டதும் டீசல் எகிறிவிட்டது என்ற புலம்பல்களில் ஒரு பங்கு இந்த வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். அதனால் பழைய டயர்களைக் கழற்றுவதற்கு முன்பே, கைப்பேசியின் ஜிபிஎஸ் தூரத்தோடு ஓடோமீட்டரை ஒப்பிட்டுத் திருத்த எண்ணைக் குறித்துவைத்திருந்தேன். புதிய டயரிலும் அதையே செய்தேன். புதிய டயர் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் பதப்படும்வரை கணக்கெடுக்கவில்லை.

திருத்தாத கணக்கில் டீசல் செலவு ஆறு விழுக்காட்டுக்கு மேல் கூடியதாகத் தெரிந்தது. தூரத்தைத் திருத்தியபின் ஐந்துக்குச் சற்றுக் கீழே வந்தது. எங்கள் வண்டிக்கு இது 100 கி.மீ.க்கு அரை லிட்டருக்கும் குறைவு. காகிதத்தில் போட்ட 0.45 லிட்டருக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கம். இதுகூடத் தேய்ந்த எச்டியோடு புதிய ஏடியை ஒப்பிட்ட கணக்குத்தான். புதிய எச்டி மாட்டியிருந்தாலும் செலவு கொஞ்சம் கூடியே இருக்கும் என்பதால், ஏடியைத் தேர்ந்ததற்கான உண்மையான விலை இதைவிடக் குறைவு. பட்டன் தேயத் தேய இன்னும் குறையும்.

மண்ணில் எப்படி? நாற்றங்காலின் பின்சரிவில், மழை விட்ட பிறகு, பின்சக்கர இழுவையில் மட்டும் ஏற முயன்றால் பழைய டயர் பாதியிலேயே சுழலும். புதியது 25 பிஎஸ்ஐயில் நாற்சக்கர இழுவையோடு தயங்காமல் ஏறுகிறது, பின்சக்கர இழுவையில் மட்டும் ஏறுவது இப்போதும் நம்பத்தக்கதாக இல்லை. மணல் கொட்டிய இடங்களில் வேறுபாடு தெளிவு. ஒட்டும் களிமண்ணில் மட்டும் ஏடியின் குறை தெரிகிறது: பட்டன் இடைவெளிகள் நிரம்பியதும் டயர் மண்ணுருண்டையாகிவிடுகிறது. அப்போது சக்கரத்தைச் சற்று வேகமாகச் சுழலவிட்டால் ஓரளவு மண் உதிரும், முழுவதும் அன்று. சாலையில் இரைச்சல் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பில், தேய்ந்த டயரோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்பதால், அதைப் பற்றிப் பெருமை பேச மாட்டேன்.

பராமரிப்பில் இரண்டு குறிப்புகள். புதிதாக மாட்டிய சக்கரங்களின் நட்டுகளை முதல் 100 கி.மீ.க்குள் கையேட்டிலுள்ள அளவுக்கு மறுபடி முடுக்க வேண்டும். ஏடி டயரின் தனித்தனிப் பட்டன்கள் முன்விளிம்பு ஒருவிதமாகவும் பின்விளிம்பு வேறுவிதமாகவும் தேயும் இயல்புடையவை. அப்படித் தேய்ந்தால் இரைச்சலும் தடையும் கூடும் என்பதால், 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் இடம் மாற்றுகிறோம். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வரை போகலாம், மழை ஊரில், அதுவும் சுமை வண்டியில், 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறோம்.

உபரிச் சக்கரம் இன்னும் பழைய எச்டிதான். வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டு, தரையைத் தொடாமலே வயதாகிக்கொண்டிருக்கிறது. அளவு ஒன்றே என்றாலும் சுற்றளவில் சிறு வேறுபாடு இருக்கும். ஆகவே அதை மாட்டியிருக்கும் வேளையில் தார்ச்சாலையில் நாற்சக்கர இழுவையை இணைக்கக்கூடாது என்று வண்டிக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அடுத்த முறை ஐந்தாவது டயரையும் சேர்த்தே வாங்கி, இடம் மாற்றும் சுற்றில் அதையும் சேர்த்துவிடுவதாகத் திட்டம்.